பாவ அறிக்கையில் பூமிக்கு இடமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதங்கள் பகுதியில் அண்மையில் அடுத்தடுத்து வெளியான இரண்டு கடிதங்களைப் படித்தபின் இதை எழுதுகிறேன். முதல் கடிதத்தை எழுதியவர், இன்று காடுகள் அழிவதற்கும் ஆறுகள் கெடுவதற்கும் மூலகாரணம் வேதாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது என்றும், பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளும்படி மனிதனுக்கு உரிமைச் சாசனம் எழுதிக் கொடுத்த மதத்திடம் இயற்கையைக் குறித்த அக்கறையை எதிர்பார்ப்பது வீண் என்றும் கூறியிருந்தார். அதை மறுத்து எழுதிய கிறிஸ்தவ அன்பரோ, ஆத்துமாக்களை ஆதாயப்படுத்துவதுதான் திருச்சபையின் வேலை, மரங்களை எண்ணுவது அல்ல என்றும், கடைசி நாளில் எரிந்துபோகவிருக்கிற பூமிக்காகக் கவலைப்படுவது விசுவாசக் குறைவு என்றும் பதில் அளித்திருந்தார். இருவரும் மோதிக்கொள்வதுபோலத் தோன்றினாலும் எனக்கு அவர்கள் ஒரே கட்சிக்காரர்களாகவே தெரிகிறார்கள். பூமி என்பது மனிதனின் உபயோகத்துக்குக் கொடுக்கப்பட்ட சரக்கு, உபயோகம் தீர்ந்ததும் எறியப்படும் என்பதுதான் வேதாகமத்தின் போதனை என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவர் அதைக் குற்றச்சாட்டாக வைக்கிறார், மற்றவர் அதையே நற்சாட்சியாக வைக்கிறார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிறு பள்ளியில் வேதபாடம் நடத்திய நான், அவர்கள் இருவருக்கும் பொதுவான அந்த நம்பிக்கையே பிழையானது என்று கருதுகிறேன்.

முதல் கடிதத்தின் வாதம் புதியதல்ல. அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 1967ஆம் ஆண்டு 'சயன்ஸ்' என்ற அறிவியல் இதழில் எழுதிய ஒரு கட்டுரையில், மேற்கத்திய கிறிஸ்தவமே உலகின் மதங்களில் மனிதனை மிகவும் மையப்படுத்திய மதம் என்றும், சுற்றுச்சூழல் நெருக்கடியின் பழியில் பெரும்பங்கு அதைச் சாரும் என்றும் எழுதினார். அந்தக் கட்டுரை வெளியான நாள்முதல் கிறிஸ்தவர்கள் அதற்கு மறுப்பு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் அதைத் தூக்கிப்பிடிப்பவர்களும் சரி, தூற்றுகிறவர்களும் சரி, பெரும்பாலும் அதன் இறுதிப் பகுதியைக் கவனிப்பதில்லை. ஒயிட் தாமே கிறிஸ்தவர். சிக்கலின் வேர் பெரிதும் மதம் சார்ந்தது என்பதால் அதற்கான மருந்தும் மதம் சார்ந்ததாகவே இருக்க வேண்டும் என்று சொல்லி, இத்தாலியத் துறவி அசிசி நகரத்துப் பிரான்சிஸைச் சுற்றுச்சூழல் சிந்தனையாளர்களின் பாதுகாவலராக ஏற்கலாம் என்று அவர் முன்மொழிந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1979 நவம்பரில், போப் இரண்டாம் ஜான் பால் அதையே செய்தார். குற்றப்பத்திரிகை எழுதியவரின் பரிந்துரையைக் குற்றம் சாட்டப்பட்ட சபையே ஏற்றுக்கொண்டது விந்தைதான்.

அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆதியாகமம் 1:28இல் நம் வேதாகமம் 'கீழ்ப்படுத்தி' என்று மொழிபெயர்த்திருக்கும் எபிரெயச் சொல் 'கபாஷ்' மென்மையான சொல் அல்ல. போரில் தோற்ற நாட்டை அடக்குவதற்கும், மனிதரை அடிமையாக்குவதற்கும் அதே சொல் வேறு இடங்களில் வருகிறது. அந்தச் சொல்லுக்கு 'அன்போடு பராமரியுங்கள்' என்று பொருள் கூறித் தப்பிக்க முயலும் பிரசங்கிகள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள், ஆனாலும் அது வசனத்தைச் சுரண்டிச் சரிசெய்யும் வேலை. காட்டு மிருகத்துக்கும் களைக்கும் வறட்சிக்கும் நடுவே, கையில் கலப்பையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் நின்ற ஒரு சமூகத்துக்குச் சொல்லப்பட்ட சொல் அது என்பதை மறந்து, மலையையே பெயர்த்தெடுக்கும் இயந்திரங்கள் வந்த காலத்திலும் அதை அப்படியே கட்டளையாகப் படித்ததில்தான் தவறு நேர்ந்தது. 1620இல் பிரான்சிஸ் பேக்கன் தமது அறிவியல் நூலை முடிக்கையில், பாவத்தால் மனிதன் இழந்த நீதிநிலையை விசுவாசமும், இழந்த ஆளுகையைக் கலைகளும் அறிவியலும் மீட்டுத் தரும் என்று எழுதினார். அன்று அது நம்பிக்கையூட்டும் வாக்கியமாகவே இருந்திருக்கும். அதற்குப் பின் வந்தவர்கள் ஆளுகையை எடுத்துக்கொண்டு, நீதிநிலையை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவைத்துவிட்டார்கள்.

'ஆண்டுகொள்ளுங்கள்' என்ற அடுத்த சொல்லைப் பார்ப்போம். ஆட்சி என்றாலே கொடுமை என்று பொருள்படாது. செங்கோல், கொடுங்கோல் என்று இரண்டு சொற்களை வைத்திருக்கும் மொழியில் வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. எபிரெயத்தில் அந்த வினைச்சொல் 'ராதா'. நீதியுள்ள அரசனைப் பாடும் 72ஆம் சங்கீதத்திலும் இதே வினைச்சொல் வருகிறது. அந்த அரசன் எளியவனை விடுவிக்கிறான், புல்லறுப்புண்ட வெளியின்மேல் பெய்யும் மழையைப்போல இறங்குகிறான், அவன் நாட்களில் மலைகள் சமாதானத்தைத் தருகின்றன. எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்திலும் அந்த வினைச்சொல் இருக்கிறது. அங்கே மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களை நோக்கி, "பலாத்காரமும் கடூரமுமாய் அவைகளை ஆண்டீர்கள்" என்று கர்த்தர் வழக்காடுகிறார். ஆக, ஆளுகை கொடுக்கப்பட்டது உண்மை; எந்த வகையான ஆளுகை கணக்குக் கேட்கப்படும் என்பதும் அதே சொல்லாலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த அதிகாரத்தில் இன்னொரு வசனம் உண்டு. கொழுத்த ஆடுகள் நல்ல மேய்ச்சலை மேய்ந்துவிட்டு மீதியைக் காலால் மிதித்துப்போடுகின்றன, தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் காலால் குழப்பிவிடுகின்றன, இளைத்த ஆடுகளோ மிதிக்கப்பட்டதை மேய்ந்து, கலங்கியதைக் குடிக்க வேண்டியிருக்கிறது. எந்த ஆலைக்கழிவையும் அறியாத ஒரு தீர்க்கதரிசி எழுதியது இது.

இங்கே என் சொந்தக் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுவர்களுக்குப் படைப்பின் கதையை எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆறு நாட்களையும் வரிசையாக ஒப்பிக்கச் செய்வேன், அடுத்து ஏவாளுக்கும் பாம்புக்கும் தாவிவிடுவேன். இரண்டுக்கும் இடையில் இருக்கும் ஆதியாகமம் 2:15ஐ, அதாவது தேவன் மனிதனை ஏதேன் தோட்டத்தில் "அதைப் பண்படுத்தவும் காக்கவும்" வைத்தார் என்பதை, ஒரு வருடம்கூட மனப்பாட வசனமாகக் கொடுத்ததில்லை. மனிதனுக்கு வேதாகமம் எழுதிய முதல் வேலைக்குறிப்பு அதுதான். பாவம் உலகத்தில் வருமுன்பே அந்த வேலை கொடுக்கப்பட்டதால், அது தண்டனையும் அல்ல. 'பண்படுத்த' என்று நாம் படிக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'ஆபத்'. உழுவதற்கும் ஊழியம் செய்வதற்கும் ஒரே சொல். 'காக்க' என்பது 'ஷாமர்'. இந்த இரண்டு வினைகளும் இணைந்து மறுபடியும் வரும் இடங்களில் ஒன்று எண்ணாகமம் 3ஆம் அதிகாரம். ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவியர் ஆசரிப்புக் கூடாரத்தைக் காத்து அதில் பணிவிடை செய்ய வேண்டிய முறையை அங்கே வாசிக்கிறோம். தோட்டக்காரனின் வேலைக்கும் ஆசாரியனின் வேலைக்கும் ஒரே சொற்களைப் பயன்படுத்திய எழுத்தாளர் ஏதோ கைதவறி அப்படி எழுதினார் என்று நான் நம்பவில்லை.

'ஷாமர்' என்ற சொல்லை நம்மில் ஒவ்வொருவரும் ஆராதனை முடிவில் கேட்கிறோம். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று குருவானவர் கையுயர்த்திக் கூறும் ஆசீர்வாதத்தில் உள்ள காத்தல் அதுவே. "என் சகோதரனுக்கு நான் காவலாளியோ?" என்று காயீன் எரிச்சலோடு கேட்ட கேள்வியிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது மண்தான். ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கூப்பிடுகிறது, அதன்பின் அந்த நிலம் காயீனுக்குத் தன் பலனைக் கொடுப்பதில்லை. சகோதரனுக்குச் செய்த துரோகமும் நிலம் கெடுவதும் வேதாகமத்தில் நான்காம் அதிகாரத்திலேயே ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டன.

நியாயப்பிரமாணத்துக்கு வந்தால், அங்கே பொதுவான உபதேசங்களுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன, ஏறக்குறைய வீட்டுக் கணக்குப்போன்ற கட்டளைகளைக் காண்கிறோம். ஒரு பட்டணத்தை நெடுநாள் முற்றுகையிட்டாலும் அதன் கனிமரங்களைக் கோடரியால் வெட்டக்கூடாது (உபாகமம் 20:19). வழியில் குருவிக்கூடு கண்டால் குஞ்சுகளை எடுக்கலாம், தாய்ப்பறவையைப் போகவிட வேண்டும் (22:6, 7). போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது (25:4). ஓய்வுநாள் எஜமானுக்கு மட்டுமல்ல, அவனுடைய எருதுக்கும் கழுதைக்கும் உண்டு. இவை எல்லாவற்றிலும் எடுத்துக்கொள்ளும் அனுமதி இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் அனுமதி இல்லை. தாய்ப்பறவையை விட்டுவைப்பவனுக்கு, பெற்றோரைக் கனம்பண்ணுகிறவனுக்கு வாக்களிக்கப்பட்ட அதே நீடித்த நாட்கள் வாக்களிக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பழைய யூத போதகர்கள் கவனித்து வியந்திருக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது நிலத்தின் ஓய்வு. ஏழாம் வருடத்தில் விதைக்கவும் கூடாது, திராட்சத்தோட்டத்தைக் கிளைகழிக்கவும் கூடாது. தானாக விளைவது ஏழைக்கும் வீட்டு மிருகத்துக்கும் காட்டு மிருகத்துக்கும் உரியது. ஐம்பதாம் வருடத்தில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். இதற்கான காரணத்தை லேவியராகமம் 25:23 ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம், நீங்கள் பரதேசிகளும் என்னிடத்தில் புறக்குடிகளுமாயிருக்கிறீர்கள்." பட்டாவில் யார் பெயர் இருந்தாலும் நிலக்கிழார் ஒருவரே, மற்றவர் எல்லாரும் குடியிருப்போர். இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் நடைமுறையில் இருந்தது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்துவேறுபாடு உண்டு. ஆனால் அது மீறப்பட்டதாக வேதாகமமே ஒப்புக்கொள்கிறது. ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன எழுபது ஆண்டுகளும் பாழாய்க் கிடந்த தேசம் தனக்குக் கொடுக்கப்படாமல் போன ஓய்வுகளை அனுபவித்துத் தீர்த்தது என்று இரண்டாம் நாளாகமத்தின் கடைசி அதிகாரம் சொல்கிறது. நாம் கொடுக்க மறுத்த ஓய்வை நம்மை அப்புறப்படுத்தியாவது மண்ணுக்குக் கொடுக்கும் தேவனைப் பற்றி நான் ஒரே ஒரு பிரசங்கம்கூடக் கேட்டதில்லை.

மனிதனுக்குப் பயன்படாத இயற்கையின் நிலை என்ன என்ற கேள்விக்கு யோபின் புத்தகம் பதில் தருகிறது. புயலிலிருந்து பேசும் தேவன் மனிதர் குடியில்லாத வனாந்தரத்தில் மழை பெய்வதையும், வரையாடுகள் ஈனுங்காலத்தையும், யாருக்கும் அடங்காத காட்டுக்கழுதையையும், முதலையையும் காட்டுகிறார். இவற்றில் ஒன்றாலும் யோபுக்கு லாபமில்லை. அவை இருப்பதில் தேவனுக்கு மகிழ்ச்சி, அதுவே போதுமான காரணம். இயேசுவும் இரண்டு காசுக்கு ஐந்தாக விற்கப்படும் அடைக்கலான் குருவிகளைக் காட்டி, அவற்றில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்றார். யோனாவின் புத்தகம் முடிகிற கடைசிச் சொற்களிலும், நினிவே நகரத்தை ஏன் அழிக்கவில்லை என்பதற்குத் தேவன் சொல்லும் கணக்கில் "அநேக மிருகஜீவன்களும்" இடம்பெறுகின்றன. மனிதன் மையம் என்று குற்றஞ்சாட்டப்படும் ஒரு நூலில் இத்தனை இடங்கள் எப்படி நுழைந்தன என்பதை முதல் கடிதத்தை எழுதியவர் யோசிக்கலாம்.

இனி இரண்டாவது கடிதம். அதன் முழுப் பலமும் 2 பேதுரு 3:10இல் உள்ள "பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம்" என்ற வரியில் தங்கியிருக்கிறது. அந்த வரிக்குக் கைப்பிரதிகளில் பாடபேதம் உண்டு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கைப்பிரதிகள் இரண்டிலும் பூமியும் அதன் கிரியைகளும் 'கண்டறியப்படும்' என்ற பொருள் தரும் சொல்லே காணப்படுகிறது. புடமிடும் நெருப்பில் பொன் இன்னதென்று தெரியவருவதுபோல, மறைந்திருந்தது வெளிப்பட்டு நியாயத்தீர்ப்புக்கு வரும் என்பது அந்தப் பாடத்தின் கருத்து. பாடபேதத்தை ஏற்காதவர்கள் நான்கு வரிகள் முன்னால் போய்ப் பார்க்கட்டும். நோவாவின் காலத்து உலகம் ஜலப்பிரளயத்தினால் 'அழிந்தது' என்று அதே பேதுரு எழுதுகிறார். அழிந்தபின்பும் நோவா பேழையை விட்டு இறங்கியது இதே பூமியில்தான். அங்கே செய்யப்பட்ட உடன்படிக்கையும் மனிதரோடு மட்டுமல்ல, பேழையிலிருந்து புறப்பட்ட சகல ஜீவஜந்துக்களோடும் செய்யப்பட்டது. பூமி எரிந்துபோகும் என்றே வைத்துக்கொண்டாலும் வாதம் நிற்காது. வாடகை வீட்டைக் காலிசெய்யும் நாள் நெருங்கிவிட்டது என்பதற்காகக் கதவையும் சன்னலையும் பெயர்த்து விறகாக்குகிறவரை எந்த வீட்டுக்காரர் மன்னிப்பார்? வெளிப்படுத்தின விசேஷம் 11:18இல் நியாயத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்றாக, பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுப்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாவது கடிதத்தை எழுதிய அன்பர் கடைசி நாட்களைக் குறித்து ஆர்வமுள்ளவர் என்பதால் இந்த வசனத்தையும் சேர்த்து வாசிப்பார் என்று நம்புகிறேன்.

ஆத்துமாதான் முக்கியம், சரீரமும் பூமியும் வெறும் கூடு என்ற எண்ணம் கிறிஸ்தவ எண்ணமே அல்ல. 2ஆம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் இந்த மண்ணுலகைப் படைத்தவர் ஒரு தாழ்ந்த தேவன், இயேசுவின் பிதா வேறொருவர் என்று போதித்தபோது, ரோமாபுரித் திருச்சபை அவரை விலக்கிவைத்தது. நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணம் இரட்சிப்பில் தொடங்குவதில்லை, "வானத்தையும் பூமியையும் படைத்த" என்று தொடங்குகிறது. அது முடியும்போது ஆத்துமாவின் விடுதலையைப் பேசாமல் சரீரத்தின் உயிர்த்தெழுதலைப் பேசுகிறது. "சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது" என்று ரோமருக்கு எழுதிய பவுலும் சாகும் நோயாளியின் வேதனையைச் சொல்லாமல், பெற்றெடுக்கப்போகிறவளின் வேதனையைச் சொன்னார். இயற்கையை நேசிப்பது இயற்கையை வணங்குவதாகிவிடும் என்ற பயத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. தகப்பன் கையால் செய்து கொடுத்த நாற்காலியைப் பேணுகிற மகன் நாற்காலியைத் தகப்பன் என்று நினைப்பதில்லை.

திருச்சபைகள் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் உண்மையல்ல. கிழக்கு மரபுவழித் திருச்சபையின் தலைமைப் பிதா முதலாம் திமித்ரியோஸ் 1989இல் செப்டம்பர் 1ஆம் தேதியைப் படைப்புக்கான மன்றாட்டு நாளாக அறிவித்தார். 2015இல் போப் பிரான்சிஸ் அதே நாளைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் ஏற்படுத்தினார். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட சுற்றுமடல், 'இறைவா, உமக்குப் புகழ்' என்று பொருள்படும் தன் தலைப்பையே அசிசி பிரான்சிஸ் பாடிய பாடலிலிருந்து எடுத்துக்கொண்டது. சூரியனைச் சகோதரன் என்றும் தண்ணீரைச் சகோதரி என்றும் அழைத்த அந்தப் பாடலை அவர் 1225 வாக்கில், கண்பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், வெளிச்சத்தைத் தாங்கமுடியாத நாட்களில் இயற்றினார் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் பிரித்துக் கேட்க முடியாது என்று அந்தச் சுற்றுமடல் வற்புறுத்துகிறது. எசேக்கியேலின் இளைத்த ஆடுகள் அங்கே மறுபடியும் வருகின்றன. இங்கிலாந்து திருச்சபையின் பேராயம் 2030க்குள் தன் கரிம உமிழ்வை நிகரப் பூஜ்ஜியமாக்க 2020இல் தீர்மானித்தது. அதன் பெரும் நிதியை நிர்வகிக்கும் அமைப்பு 2023இல் பெரிய எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. காணிக்கைப் பணம் எங்கே போய்த் தங்குகிறது என்று கேட்பதும் ஆவிக்குரிய கேள்விதான் என்று அந்த ஒரு முடிவாவது காட்டியது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இத்தகைய கணக்குகளை உலகத்தின் முன் வைத்த, காலநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அறிஞர் குழுவின் முதல் மூன்று அறிவியல் அறிக்கைகளைத் தொகுப்பதில் முன்னின்ற ஜான் ஹௌட்டன், தம் விசுவாசத்தை மறைக்காத கிறிஸ்தவர். விசுவாசமும் அறிவியலும் இந்த விஷயத்தில் எதிரெதிர் முகாம்கள் என்று இளைஞர்களிடம் பேசுகிறவர்கள் அவரை நினைவில் கொள்வது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அசைத்தவை இரண்டு. ஒன்று வட எத்தியோப்பியாவின் ஆலயக் காடுகள். வயலும் மேய்ச்சலும் சுற்றிலும் பரவி, இயற்கைக் காடு பெரும்பாலும் அற்றுப்போன மேட்டு நிலத்தில், பச்சைப் பொட்டுகளைப்போல அங்கங்கே எஞ்சியிருக்கும் மரக்கூட்டங்களின் நடுவில் ஓர் ஆலயம் நிற்கும். அங்குள்ள மரபுவழித் திருச்சபையின் குருமார் காட்டை ஆலயத்தின் ஆடையாகக் கருதி நூற்றாண்டுகளாக வெட்டாமல் காத்ததால், அந்தப் பகுதியின் சொந்த மரவகைகளும் பறவைகளும் பூச்சிகளும் இன்று அந்தப் பொட்டுகளில்தான் உயிர்பிடித்திருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் உயிரியல் அறிஞர்களும் குருமாரும் சேர்ந்து, வயல்களிலிருந்து பொறுக்கிய கற்களைக்கொண்டு காடுகளைச் சுற்றி மதில் எழுப்பிவருகிறார்கள், கால்நடைகள் உள்ளே புகுந்து கன்றுகளை மேய்ந்துவிடாதபடி. அந்தக் குருமாரில் பலர் 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லுக்காக அதைச் செய்யத் தொடங்கவில்லை. ஏதேனின் சாயலுள்ள ஓரிடத்தைக் காக்கிறோம் என்ற எண்ணமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மற்றொன்று ஜிம்பாப்வே. அங்கே 1991இல் ஆப்பிரிக்கச் சுயாதீனத் திருச்சபைகள் பல கூடிப் பூமியைக் காக்கும் திருச்சபைகளின் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தின. அவர்கள் நடத்திய மரநடுகைத் திருவிருந்தில், அப்பத்தையும் ரசத்தையும் பெற வருகிறவர்கள் அதற்குமுன் தங்கள் பாவங்களை அறிக்கையிடுவார்கள். அந்தப் பட்டியலில் பொய்யும் பகையும் இருக்கும். அவற்றோடு, பதிலுக்கு நடாமல் மரத்தை வெட்டியதும், ஆற்றங்கரையை உழுது மண்ணரிப்பை உண்டாக்கியதும் இருக்கும். பிறகு கையில் மரக்கன்றோடு திருவிருந்துக்கு வருவார்கள். நான் படித்தவரையில், கிறிஸ்தவ உலகத்தில் இந்த விஷயத்தை இவ்வளவு சரியான இடத்தில் வைத்தவர்கள் வேறு எவரும் இல்லை.

சரியான இடம் என்று நான் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான சபைகளில் படைப்பைப் பற்றிய பேச்சு நன்றி செலுத்தும் இடத்தில் நின்றுவிடுகிறது. அறுப்பின் பண்டிகையில் பாடுகிறோம், ஆண்டுக்கு ஒருநாள் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம், அடுத்த ஆண்டு அதே குழியில் மறுபடியும் நடுகிறோம். அந்த விழாவில் தவறாமல் ஒருவர், நாளை உலகம் முடியும் என்று தெரிந்தாலும் இன்று ஓர் ஆப்பிள் கன்றை நடுவேன் என்று மார்ட்டின் லூதர் சொன்னதாக மேற்கோள் காட்டுவார். லூதரின் எழுத்துகளில் அப்படியொரு வாக்கியம் கிடையாது. 1944க்கு முன்பு அதற்கு எழுத்துச் சான்றே கிடைக்கவில்லை. லூதர் பெயரில் வழங்கும் அந்த வாக்கியத்தைவிட, 1517இல் அவர் மெய்யாகவே எழுதிய தொண்ணூற்றைந்து வாதங்களில் முதலாவது நமக்குப் பயன்படும். விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. நன்றி சொல்வது சுலபம். எதற்காக நன்றி சொல்கிறோமோ அதை நாம் கெடுத்திருக்கிறோம் என்று சொல்வதுதான் கடினம். திமித்ரியோஸுக்குப் பின் வந்த தலைமைப் பிதா பர்த்தொலொமேயு 1997இல் அமெரிக்காவில் ஆற்றிய உரையில், உயிரினங்களை அற்றுப்போகச் செய்வதும், காடுகளை மொட்டையடிப்பதும், நீரையும் நிலத்தையும் காற்றையும் நஞ்சாக்குவதும் பாவம் என்று வெளிப்படையாகக் கூறினார். தவறு என்றோ, கொள்கைக் குறைபாடு என்றோ அவர் மழுப்பவில்லை. பாவம் என்று பெயரிட்டால்தான் அறிக்கை, மன்னிப்பு, ஈடுசெய்தல் என்ற திருச்சபையின் பழைய பாதை திறக்கும். அந்தப் பெயரைச் சொல்லத் தயங்கும்வரை நம்முடைய மரநடுகை விழாக்கள் அலங்காரமாகவே நிற்கும்.

ஒவ்வொரு விசுவாசியும் குற்றவுணர்வில் மூழ்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு பெரிய நிறுவனம் ஒரு நாளில் செய்யும் கேட்டை ஓர் எளிய குடும்பம் ஒரு தலைமுறையிலும் செய்ய முடியாது. இருவரையும் ஒரே வரிசையில் முழங்காலிடச் சொல்வதும் ஒருவகை அநியாயமே. அதனால்தான் சபையாகச் சேர்ந்து செய்யும் பொது அறிக்கை தேவைப்படுகிறது. தனிமனிதன் தன் பங்கு எவ்வளவு என்று அளக்கமுடியாத பாவங்களுக்காகவே 'நாங்கள்' என்ற சொல்லோடு அந்த ஜெபம் எழுதப்பட்டிருக்கிறது. எருசலேமின் பாழ்நிலையை எண்ணிய தானியேல் தான் பிறக்குமுன்பே நடந்தவற்றையும் சேர்த்து, "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்றே ஜெபித்தான்.

எங்கள் சபையின் குருவானவரிடம், ஆராதனையின் பொது அறிக்கையில் இதற்காக ஒரே ஒரு வரியைச் சேர்க்கலாமா என்று சில மாதங்களுக்கு முன் கேட்டேன். அவர் கனிவோடு கேட்டுக்கொண்டு, ஜெபப்புத்தகத்தில் ஒரு சொல்லை மாற்றுவதற்கும் மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு நாளாகும் என்றார். அது நியாயமான பதில்தான், நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த ஜெபத்தில், "செய்யத்தக்கவைகளைச் செய்யாமல்" விட்டதைக் குறித்து ஒரு வாக்கியம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் பாவங்களை மனதுக்குள் நினைத்துக்கொள்ள அரை நிமிடம் மௌனமும் விடப்படுகிறது. மேலிடத்தின் ஒப்புதல் வரும்வரை அந்த அரை நிமிடத்தில், நாற்பது வருடமாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்ட ஆதியாகமம் 2:15ஐ எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்